தனுஷ்கோடி: அரை மணி நேரத்துல பாத்துட்டு திரும்புற இடம் இல்லைங்க இது

ராமேஸ்வரம் போறவங்க எல்லாரும் தனுஷ்கோடியும் போயிட்டுத்தான் வர்றாங்க, ஆனா நிறைய பேர் பாக்குறது அரிச்சல்முனைல ரோடு முடியுற அந்த ரவுண்டானாவும் அசோகத் தூணும் மட்டும்தான். தை கடைசில அம்மா, நான், பசங்க ரெண்டு பேருன்னு போனோம், மொத நாள் நாங்களும் அப்படித்தான் மாட்டிக்கிட்டோம். ஊருக்குள்ள ஒரு ட்ராவல்ஸ்ல வேன் பேசினோம், எல்லா இடமும் நிறுத்துவோம்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க, ஆனா முனைல இறக்கிவிட்டு 20 நிமிஷத்துல வந்துருங்க அடுத்த ட்ரிப் இருக்குன்னுட்டாங்க. திரும்பி வரும்போது, புயல்ல அழிஞ்ச பழைய தனுஷ்கோடில நிறுத்துங்கன்னு அம்மா கேட்டும் நிறுத்தவே இல்ல. பேசும்போதே எங்கெங்க, எவ்வளவு நேரம்னு கறாரா பேசிருங்க.

அம்மாவுக்கு அங்க இருக்குற பழைய ரயில்வே ஸ்டேஷன பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அவங்க தாத்தா கண்டில கடை வச்சிருந்தவர், எழும்பூர்ல இருந்து வர்ற போட் மெயில் ரயில்ல ஏறி தனுஷ்கோடில இறங்கி அங்கயே கப்பல் ஏறி இலங்கைல இருக்குற தலைமன்னார் போவாராம். 1914ல பாம்பன் பாலம் திறந்ததுல இருந்து இது ஒரே டிக்கெட்ல கொழும்பு வரைக்கும் போற பாதையா இருந்துச்சு. அதனால மறுநாள் விடியகாலைல ஆட்டோ புடிச்சு மறுபடியும் போனோம், உண்மையான தனுஷ்கோடிய அன்னைக்குத்தான் பாத்தோம்.

கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியுற ரோட்டுல ரெண்டு பக்கமும் முழங்கால் அளவுத் தண்ணி, அதுல தூரத்துல வெள்ளையா கோடு போட்ட மாதிரி என்னமோ நின்னுச்சு, உப்புப் படிஞ்சிருக்குன்னு நெனச்சோம், ஆட்டோ அண்ணன் தான் பூநாரைன்னாரு, சின்னவன் கை தட்டினதும் அந்தக் கோடு அப்படியே எழும்பி ரெக்கைக்கு அடியில இருந்த ரோஸ் கலர் மொத்தமும் ஒரு நொடி தெரிஞ்சு மறுபடியும் இறங்கி உக்காந்துருச்சு. கை தட்டக்கூடாதுன்னு அவனை அப்புறம் கண்டிச்சேன், பாவம் அதுங்க எவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடுதுங்க. 2025ல இந்தப் பகுதிய பூநாரை சரணாலயமா அரசு அறிவிச்சிருக்கு, ரொம்ப நல்ல விஷயம். பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, தை மாசி தான் சரியான நேரம்.

அடுத்தது பழைய ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோட கடலுக்குள்ள போச்சு. இப்ப நிக்கிறது சர்ச்சோட சுவரு, தண்ணித் தொட்டி, ஸ்டேஷன் இடிபாடு, அவ்வளவுதான். சர்ச் சுவருக்குப் பக்கத்துல போய்ப் பாருங்க, செங்கல் இல்ல, பவளப்பாறைக் கல்லு, ஒவ்வொரு கல்லுலயும் தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டை, விரலை வச்சா மணலா உதிருது. அதனால தயவுசெஞ்சு மேல ஏறி போட்டோ எடுக்காதீங்க, பேரையும் கிறுக்காதீங்க. அம்மா ஸ்டேஷன் பக்கம் போய் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம நின்னாங்க, நாங்களும் அவசரப்படுத்தல.

அங்க குடிசைல இருக்குற ஒரு அக்கா கடலுக்கு கொஞ்சம் தள்ளி மணல்ல தோண்டுன ஊத்துல கொட்டாங்குச்சியால தண்ணி மொண்டு குடத்துல ஊத்திட்டு இருந்தாங்க, குடிச்சுப் பாருங்கம்மான்னு அம்மாகிட்ட நீட்டினாங்க, ரெண்டு பக்கமும் உப்புக் கடல் ஆனா அந்தத் தண்ணி அவ்வளவு நல்லா இருந்துச்சு. மழைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணி மேல மெதக்குறதால தான் கெடைக்குதாம், ஆழமா தோண்டினா உப்பாயிருமாம்.

கரைல நின்னே மீன் வலை இழுக்குற கரைவலையும் பாத்தோம். அங்க இருந்த பெரியவர்கிட்ட, ஐயா வடக்க இருக்குறது பெண் கடல் அமைதியா இருக்கும்னு சொல்றாங்க, இப்ப பாத்தா அதுதானே பொங்குதுன்னு கேட்டேன். "இது வாடைக்காத்து நேரம் தம்பி, வடக்க கொந்தளிக்கும், தெக்க படுத்துக் கெடக்கும். தென்மேற்குல இருந்து கச்சான் காத்து வரட்டும், அப்படியே மாறிரும், ஆடியில வந்து பாருங்க"ன்னாரு.

முனைக்கு அதுக்கப்புறம் தான் போனோம், கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே. அங்க இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர் தான், நடுவுல ராமர் பாலத்து மணல் திட்டுங்க, 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி போட்ட எல்லைக் கோடு இந்தத் திட்டுங்களுக்கு நடுவுல தான் போகுது. கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனா என் போன்ல இலங்கைக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் வந்துச்சு. ரோமிங்க அணைச்சு வச்சிருங்க. தண்ணில மட்டும் இறங்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடத்துல இழுவை ரொம்ப அதிகம், போலீஸும் விட மாட்டாங்க. சாயங்காலமாச்சுன்னா எல்லாரையும் கெளப்பிருவாங்க.

சாப்பாட்டுக்கு குடிசைக் கடைங்கள்ல பொரிச்ச மீன், நாங்க சாப்ட ஊளி மீனு அன்னைக்குப் புடிச்சது, மசாலா கம்மி, அருமை. எடுக்கும்போதே விலை கேட்டுக்கங்க. சங்கு, பாசிமணி வாங்கலாம், பவளப்பாறைத் துண்டு யாராவது நீட்டினா வாங்காதீங்க, அது சட்டப்படி குத்தம். டாய்லெட்டும் நிழலும் தான் பெரிய குறை, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்க குடை, தண்ணி, தொப்பி எல்லாம் வச்சுக்கங்க. காசு மிச்சம் பண்ணனும்னா டவுன் பஸ்ஸே முனை வரைக்கும் போகுது. ஒரு நாள் கூட இருந்தா தொண்டி பக்கம் காரங்காட்டுல வனத்துறை படகுல அலையாத்திக் காட்டுக்குள்ள போகலாம், பசங்களுக்குப் புடிக்கும்.

அந்தப் பெரியவர் சொன்னதுல இருந்து அம்மா ஆடிக்கு மறுபடியும் போகணும்ங்கறாங்க, தெக்குக் கடல் பொங்குறத பாக்கணுமாம். இந்தத் தடவை வேன் இல்ல, பஸ்ஸுதான்.