டெல்லியில் பாலிசி வேலை: கம்பெனியா, லா ஃபர்மா, எம்.பி. அலுவலகமா?

வாஷிங்டனில் லாபியிங், அதாவது சட்டமும் கொள்கையும் தமக்குச் சாதகமாக வர அரசிடம் பேசுவது, ஒரு வெளிப்படையான தொழில். 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். இந்தியச் சந்தைக்காக வால்மார்ட் அங்கே லாபி செய்த விவகாரம் 2012-இல் நம் நாடாளுமன்றத்தையே உலுக்கியதே, அந்தத் தகவல் வந்ததும் அப்படித் தாக்கலான அறிக்கையிலிருந்துதான். இந்தியாவில் அதற்கு ஈடான சட்டம் கிடையாது. வேலை மட்டும் இருக்கிறது, பப்ளிக் பாலிசி என்ற பெயரில். சட்டம் படித்தவர் அதில் நுழைய மூன்று வாசல்கள் உண்டு.

எல்லோர் கண்ணும் முதலில் போவது கம்பெனி வேலைக்கு. மாதச் சம்பளம், அமைச்சகக் கூட்டங்களில் நாற்காலி, ஒரே துறையை ஆழமாகப் படிக்கும் வாய்ப்பு. ஆனால் வக்கீல்களைப் பதிவு செய்து நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி 49-ஐ யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலை முடியும்வரை வக்கீல் தொழிலை நிறுத்த வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்ன பிறகு இது சின்ன விஷயமல்ல. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொன்றும் சொன்னது: கட்சிக்காரர் பேச்சை ரகசியமாகக் காக்க வக்கீலுக்கு உள்ள பாதுகாப்பு, கம்பெனிச் சம்பளத்தில் இருக்கும் சட்ட ஆலோசகருக்கு அதே அளவில் கிடையாது.

லா ஃபர்மில் பெரும்பாலும் எழுத்து வேலைதான். வரைவு மசோதாவுக்குக் கருத்து, ரெகுலேட்டர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில், மசோதாவை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு மனு. சலிப்பாகத் தோன்றும். ஆனால் 2015 கடைசியில் தொலைத்தொடர்பு ரெகுலேட்டரான டிராய், இணையதளத்துக்கு இணையதளம் டேட்டா கட்டணம் வேறுபடலாமா என்று கருத்துக் கேட்டபோது நடந்ததைப் பாருங்கள். சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு ஆதரவாக ஃபேஸ்புக் வழியே லட்சக்கணக்கில் ஒரே மாதிரி மெயில்கள் குவிந்தன. கேட்ட கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை என்றது டிராய். 2016 பிப்ரவரியில் அத்தகைய கட்டணங்களுக்குத் தடையும் வந்தது. ஆள்பலமும் விளம்பரமும் எடுபடாத இடத்தில் கேள்விக்கு நேராக எழுதத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

குறை என்னவென்றால், நீங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு அமைச்சகத்துக்குப் போவது அநேகமாக வேறொருவர். அப்புறம், ஆஃபர் லெட்டரையும் கவனியுங்கள். சம்பளமா, ரீடெய்னர் ஃபீஸா (ஊழியராக இல்லாமல் வக்கீலாகவே வாங்கும் தொடர் கட்டணம்) என்பதில்தான் விதி 49 உங்களைத் தொடுமா என்பது இருக்கிறது.

மூன்றாவது வாசல் எம்.பி. அலுவலகம்; அதற்கு வழி, மசோதாக்களை ஆராயும் பிஆர்எஸ் என்ற அமைப்பு நடத்தும் லாம்ப் ஃபெலோஷிப். இளம் பட்டதாரிகளுக்கானது, ஏறக்குறைய ஒரு வருடம். ஒரு எம்.பி.க்குக் கேள்விகளும் உரைக்குறிப்புகளும் தனிநபர் மசோதாக்களும் தயாரிக்க வேண்டும். காசு பெரிதாக வராது. ஆனால் கம்பெனிகள் அனுப்பும் கனமான மனுக்களில் எதைப் படிக்கிறார்கள், எது ஓரத்தில் கிடக்கிறது என்று உள்ளிருந்தே பார்க்கலாம்.

இந்த மூன்றுக்கும் வெளியே, அதிகாரிகளிடம் உள்ள தொடர்புகளை விற்கும் கன்சல்டன்சிகளும் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரியின் போன் டைரியோடு இருபத்தைந்து வயதுக்காரர் போட்டி போட முடியாது. 'ஜெயித்தால் இவ்வளவு' என்று வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசினால் வக்கீலுக்கு அது விதி மீறல். அதிகாரியை வளைக்கப் பேசிய ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் நேரடிக் குற்றவாளி.

என்னைக் கேட்டால், ஒரு வருடம் எம்.பி. அலுவலகம், அப்புறம் நாலைந்து வருடம் லா ஃபர்ம், அதன் பிறகு கம்பெனி. எழுதிப் பழகிய கையோடு கம்பெனிக்குள் போனால் சம்பளமும் வேறு, கூட்டத்தில் உங்கள் பேச்சுக்குக் கிடைக்கும் காதும் வேறு. கடன் அடைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கலாம்.