கர்ல்-சிஎஃப்எஃப்ஐ: குரோம் வேஷம் கட்டிய ஸ்கிரேப்பரோடு நீண்ட நாள் அனுபவம்

பைத்தானில் ஸ்கிரேப்பிங் (தளங்களிலிருந்து ஸ்கிரிப்ட் வைத்துத் தகவல் எடுப்பது) செய்கிற யாராவது 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில், வாங்கிக்கொண்டு வந்து நின்றால், இப்போதெல்லாம் கிடைக்கும் முதல் ஆலோசனை "கர்ல்-சிஎஃப்எஃப்ஐக்கு மாறிவிடு" என்பதுதான். பிரவுசர் போலவே வேஷம் கட்டித் தளங்களிடம் பக்கம் கேட்கும் பைத்தான் நூலகம் அது. நான் மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. லாகின் தேவைப்படாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பட்டியல் பக்கங்களையும் விலை மாற்றங்களையும் தினமும் எடுத்துச் சேமிப்பது என் வேலை. அதற்கு இந்த நூலகம் எவ்வளவு தூரம் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்று எழுதுகிறேன். அந்த ஆலோசனை தவறில்லை, ஆனால் விஷயத்தில் பாதிதான் அதில் இருக்கிறது.

எதற்கு இந்த வேஷம்? பைத்தானில் பக்கம் கேட்க வழக்கமாகப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் எதையும் மறைக்காது. யூசர்-ஏஜென்ட் ஹெட்டரில் (கோரிக்கையோடு போகும், அனுப்புவது யார் என்று சொல்லும் வரி) தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதியே அனுப்பும். பல தளங்கள் அந்தப் பெயரைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடுகின்றன. உடனே எல்லோரும் செய்வது, குரோமின் யூசர்-ஏஜென்ட் வரியை நகலெடுத்து ஒட்டுவது. ஒரு காலத்தில் அதுவே போதுமாக இருந்தது. இன்று அது நிலைமையை மோசமாக்குகிறது என்பது என் கணிப்பு. பைத்தான் என்று சொல்லிக்கொண்டு வருவது வெறும் ஸ்கிரிப்ட். குரோம் என்று சொல்லிக்கொண்டு பைத்தானாக நடந்துகொள்வது பொய் சொல்லும் ஸ்கிரிப்ட். சந்தேகம் அதிகம் விழுவது இரண்டாவதன் மேல்தான்.

பொய் வெளிப்படுவது ஹெட்டர் போய்ச் சேர்வதற்கும் முன்பே. எச்டிடிபிஎஸ் இணைப்பைத் தொடங்கும்போது போகும் 'கிளையன்ட் ஹலோ' செய்தியில், எந்தெந்தக் குறியாக்க முறைகள் தெரியும், எந்த எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நிறுவுவது இல்லை, இணைப்பின் கூடுதல் வசதிகள்) உண்டு என்ற பட்டியல் பெரும்பாலும் திறந்தபடியே இருக்கும். பைத்தான் பொதுவாக ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் வழியாகப் பேசுகிறது, குரோம் போரிங்எஸ்எஸ்எல் வழியாக. பட்டியல்கள் ஒத்துப்போக வாய்ப்பே இல்லை. 2017-இல் சேல்ஸ்ஃபோர்ஸில் உருவான ஜேஏ3 முறை இந்தப் பட்டியலை ஒரு எம்டி5 ஹாஷாக, அதாவது ஒரு குறுகிய எழுத்துச் சரமாகச் சுருக்கிக் கைரேகை போல வைத்துக்கொண்டது. 2023 தொடக்கத்தில் குரோம் தன் எக்ஸ்டென்ஷன்களின் வரிசையை ஒவ்வொரு இணைப்புக்கும் கலைத்துப் போட ஆரம்பித்ததும், குரோம் விஷயத்தில் ஜேஏ3 தடுமாறிப்போனது. அதே வருடம் வந்த ஜேஏ4, குறியாக்க முறைகளையும் எக்ஸ்டென்ஷன்களையும் அகரவரிசை மாதிரி அடுக்கிவிட்டுத்தான் ஹாஷ் எடுக்கிறது. ஆக, வரிசையைக் கலைத்து மட்டும் யாரும் தப்ப முடியாது.

அடுத்த அடுக்கு எச்டிடிபி/2, பிரவுசரும் சர்வரும் பேசும் நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு. ரிக்வெஸ்ட்ஸுக்கு அது தெரியவே தெரியாது. எச்டிடிபிஎக்ஸ் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்துக்குத் தெரியும் என்பதால் கொஞ்ச காலம் அதில் ஓட்டிப் பார்த்தேன். சில தளங்களில் மாற்றம் தெரிந்தது, பலவற்றில் இல்லை. காரணம் எளிது. எச்டிடிபி/2-இல் இணைப்பு திறந்ததும் இரு பக்கமும் செட்டிங்ஸ் அனுப்ப வேண்டும், அந்த எண்கள் பிரவுசருக்குப் பிரவுசர் மாறும். தரத்தின்படி தொடக்க விண்டோ அளவு, அதாவது மறுபக்கம் அனுமதிக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய தரவு, 65535 பைட். குரோம் சொல்வது 6291456. கோரிக்கையின் வகை, தளம், நெறிமுறை, பாதை ஆகியவற்றைச் சொல்லும் மெத்தட், அத்தாரிட்டி, ஸ்கீம், பாத் என்ற நான்கு போலி ஹெட்டர்களையும் குரோம் இதே வரிசையில் அனுப்புகிறது. ஃபயர்ஃபாக்ஸ் மெத்தடுக்கு அடுத்து பாத்தை வைக்கிறது. இதை வைத்தே கிளையன்ட்டை அடையாளம் காணலாம் என்று அகமாய் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-லேயே காட்டிவிட்டார்கள். பைத்தான் குறியீட்டில் ஹெட்டர் டிக்‌ஷனரியை எவ்வளவு திருத்தினாலும் இந்த அடுக்கைத் தொட முடியாது.

கர்ல்-சிஎஃப்எஃப்ஐயின் பலம் இங்கேதான். அடியில் இருப்பது கர்ல்-இம்பர்சொனேட் என்ற திட்டம்: இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கருவியான கர்லை போரிங்எஸ்எஸ்எல்லோடு கட்டி, கிளையன்ட் ஹலோவையும் எச்டிடிபி/2 செட்டிங்ஸையும் பிரவுசர் அனுப்புவது போலவே அனுப்ப வைத்தது. மூலத் திட்டம் மெதுவானபோது அதன் கிளை ஒன்று வேலையைத் தொடர்ந்தது. கர்ல்-சிஎஃப்எஃப்ஐ அந்தக் கிளையின் மேல் நிற்கிறது. பயன்படுத்துவது ரிக்வெஸ்ட்ஸ் போலத்தான். 'இம்பர்சொனேட்' என்ற ஒரு அளவுருவில் எந்தப் பிரவுசர் என்று சொன்னால் போதும். என் பழைய குறியீட்டில் மாற்ற வேண்டியிருந்தது பெரும்பாலும் இம்போர்ட் வரிகள்தான். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை அனுப்பும் அசிங்க் செஷனும் ஒழுங்காக இருக்கிறது.

ஆனால் இது ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துவிடக்கூடிய சாமான் இல்லை. குரோம் சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு விடுகிறது, மக்களின் கணினியில் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு பழைய பதிப்பின் பெயரைக் குறியீட்டில் எழுதிவிட்டு விட்டீர்கள் என்றால், அடுத்த வருடம் உலகத்தில் கிட்டத்தட்ட யாரிடமும் இல்லாத குரோமோடு நீங்கள் மட்டும் உலவிக்கொண்டிருப்பீர்கள். யூசர்-ஏஜென்டில் எண்ணை மட்டும் ஏற்றிக்கொள்வதும் உதவாது. குரோம் 124-இல் குவாண்டம் கணினிகளுக்கும் தாங்கும் சாவிப் பரிமாற்றம் இயல்பாக வந்தது. 131-இல் அது எம்எல்-கெம் என்ற தரத்துக்கு மாறியது. அந்தச் சாவிப் பங்கு மட்டுமே 1200 பைட்டுக்கு மேல் என்பதால் கிளையன்ட் ஹலோவே பருத்துப்போனது. 131 என்று சொல்லிக்கொண்டு ஒல்லியான ஹலோ அனுப்புகிறவரைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நான் பதிப்பு எண் எழுதுவதில்லை. வெறும் 'குரோம்' என்று விட்டுவிட்டு நூலகத்தை அவ்வப்போது புதுப்பிக்கிறேன். புதுப்பித்ததும் பிரவுசர்லீக்ஸ் மாதிரி சோதனைப் பக்கத்தை என் நிஜக் குரோமிலும் ஸ்கிரிப்டிலும் திறந்து, இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

இன்னொரு எரிச்சல்: இது ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3 நூலகத்தின் மேல் நிற்கவில்லை. அதனால் ரிக்வெஸ்ட்ஸுக்காக எழுதப்பட்ட கேஷ் (பதிலைச் சேமித்து வைப்பது), மாக் (டெஸ்டுக்குப் பொய்ப் பதில் தருவது), ரீட்ரை (மறுபடி முயல்வது) துணைகள் எதுவும் இதில் ஒட்டாது. டெஸ்ட் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் முதல் வாரம் திட்டுவார்கள். பிழைச் செய்திகளும் கர்லின் எண்களாகவே வரும். 28 என்றால் டைம்-அவுட் என்பது சீக்கிரம் மனப்பாடமாகிவிடும், மற்றவற்றுக்குத் தேட வேண்டும்.

ஹெட்டர் விஷயத்தில் நூலகம் பாதிதான் செய்யும், மீதி உங்கள் கையில். அது தரும் இயல்பு ஹெட்டர்களின் மேல் வேறொரு யூசர்-ஏஜென்டை ஒட்டினால் அதோடு வரும், பிரவுசர் பெயரையும் பதிப்பையும் தனியாகச் சொல்லும் 'செக்-சிஎச்-யூஏ' ஹெட்டர் பழையதையே சொல்லும். ஒரே கோரிக்கையில் இரண்டு பெயர். இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது, கோரிக்கை எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லும் 'செக்-ஃபெட்ச்-சைட்' ஹெட்டர். முகவரியைக் கையால் தட்டி வந்தால் அதன் மதிப்பு 'நன்' (none, எங்கிருந்தும் இல்லை). அதே தளத்துக்குள் இணைப்பைச் சொடுக்கி வந்தால் 'சேம்-ஆரிஜின்', கூடவே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ரெஃபரரும் இருக்கும். டெவலப்பர் டூல்ஸிலிருந்து ஹெட்டர்களை அப்படியே அள்ளி வந்தவர்களின் ஸ்கிரிப்ட், பட்டியலின் நாற்பதாவது பக்கத்தையும் முகவரி தட்டித் திறந்ததாகவே சொல்லும். எந்த மனிதர் அப்படி வாசிக்கிறார்? எந்த மொழி வேண்டும் என்று சொல்லும் அக்செப்ட்-லாங்குவேஜும் அப்படித்தான்: ஒரு செஷனுக்குள் மாறக்கூடாது. வெறும் ரிக்வெஸ்ட்ஸிலேயே தொடர்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்செப்ட்-என்கோடிங்கில் புரோட்லி (Brotli) என்ற சுருக்க முறையை நகலெடுத்தால் அதைப் பிரிக்கும் நூலகமும் நிறுவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்து விழுவது குப்பை எழுத்து.

ஜாவாஸ்கிரிப்ட் ஓடாமல் உள்ளடக்கமே வராத பக்கங்களில் இந்த நூலகத்தால் ஒன்றும் ஆகாது. அங்கே நிஜப் பிரவுசரையே ஸ்கிரிப்டால் ஓட்டும் பிளேரைட். ஆனால் 'நிஜப் பிரவுசர்தானே' என்ற நிம்மதி அவ்வளவு சரியில்லை. தானியங்கியாக ஓட்டப்படும் பிரவுசர் 'நேவிகேட்டர் வெப்டிரைவர்' என்ற பண்பில் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பது டபிள்யூ3சி தரத்திலேயே இருக்கிறது. திரையில் ஜன்னல் காட்டாமல் ஓடும் பழைய ஹெட்லெஸ் முறை தன் பெயரிலேயே 'ஹெட்லெஸ்குரோம்' என்று போட்டுக்கொள்ளும். 2023-இல் குரோம் 112-ஓடு வந்த புதிய ஹெட்லெஸ், வழக்கமான குரோமின் அதே குறியீட்டில் ஓடுவதால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. இந்தத் தடயங்களை மறைப்பதற்கான ஸ்டெல்த் பிளகின்கள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒவ்வொரு ஒட்டும் இன்னொரு தடயத்தை விட்டுவிட்டுப் போகிறது. தவிர, பிரவுசரை ஓட்டுவது நினைவகத்தை விழுங்கும். பெரும்பாலான பக்கங்களில் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் தாவலைப் பார்த்தாலே பக்கத்தின் தரவைத் தாங்கிய ஜேசன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். அதை நேரே கர்ல்-சிஎஃப்எஃப்ஐயில் கேட்டுவிடுவேன். பிளேரைட்டில் இப்போது ஓடுவது மிகச் சில வேலைகள்தான்.

கைரேகையெல்லாம் கச்சிதமாக அமைந்த பிறகும் தடை விழுந்த இடங்கள் உண்டு. பார்த்தால், பெரும்பாலும் காரணம் வேகம். ஒரு நொடிக்குப் பத்துப் பக்கம் படிக்கும் குரோமை யார் நம்புவார்கள்? நடுநடுவே ரேண்டம் ஸ்லீப் போடுவதைவிட மொத்தக் கோரிக்கைகளைக் குறைத்ததுதான் பலன் தந்தது. ஈடேக் (பக்கத்தின் இப்போதைய வடிவத்துக்கான அடையாளம்) தரும் தளங்களில் அதைச் சேமித்து 'இஃப்-நன்-மேட்ச்'சில் திருப்பி அனுப்பினால், மாறாத பக்கத்துக்கு 'மாறவில்லை' என்று சொல்லும் 304 மட்டும் வரும், உள்ளடக்கம் வராது. பிரவுசர் செய்வதும் இதேதான் என்பதால் வேஷத்துக்கும் பொருந்துகிறது, சர்வருக்கும் சுமை குறைகிறது. ஒரே செஷனை வைத்துக்கொண்டு இணைப்பையும் குக்கீயையும் மறுபடி பயன்படுத்துவதும் முக்கியம். ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசாகக் கைகுலுக்குவது எந்தப் பிரவுசரின் வழக்கமும் இல்லை. 'அதிகம் கேட்கிறாய்' என்ற 429 வந்தால் அதோடு ரீட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் சொல்லும் நேரம் வரை நிற்க வேண்டும். அங்கே ஐபி மாற்றிக்கொண்டு தொடர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எந்தப் பாதைகளில் தானியங்கிகள் வர வேண்டாம் என்று தளம் எழுதி வைக்கும் ரோபோட்ஸ் கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1994-இலிருந்து வழக்கத்தில் இருப்பது, 2022-இல் ஆர்எஃப்சி 9309 ஆகத் தரமானது. வேஷம் போட்டபின் அது நமக்குப் பொருந்தாது என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த நூலகம் தேவைப்படுவது, பொதுவில் இருக்கும் பக்கத்தைப் பிரவுசரில் தெரிகிற அதே வடிவில் பெற. தளம் வேண்டாம் என்று எழுதி வைத்த பாதைக்குள் நுழைய இல்லை. கேப்சா, லாகின் சுவர் என்று வந்தால் அந்தத் தளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்பதற்கென்றே தரும் வழி) உண்டா என்று நேரே எழுதிக் கேட்பேன். கேட்டவர்களில் சிலர் கொடுத்தும் இருக்கிறார்கள். வீட்டு இணைப்புகளை வாடகைக்கு விடும் ரெசிடென்ஷியல் பிராக்சிகளைத் தொடுவதில்லை. அந்த வீட்டுக்காரருக்குத் தன் இணைப்பில் என்ன ஓடுகிறது என்று தெரியுமா என்பதே பல சமயம் சந்தேகம்.

கடைசியாக, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மிகவும் தேவைப்படும் விஷயம்: 'எல்லாம் சரி' என்ற 200 வந்தால் வெற்றி என்று நினைக்காதீர்கள். சில தளங்கள் தடுப்பதைச் சொல்லாமல் தடுக்கும். நிலைக் குறியீடு 200, பக்கத்தில் நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் சவால் ஸ்கிரிப்ட் மட்டும். இல்லாவிட்டால் பட்டியல் காலி. அதுவும் இல்லாவிட்டால் விலை மட்டும் காணாது. என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு, பக்க அளவு, இருந்தே ஆக வேண்டிய ஒரு எலிமென்ட் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் சேமிக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் எச்டிஎம்எல்லை அப்படியே தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு அந்தத் தளத்தை அன்றைக்கு நிறுத்திவிடும். கர்ல்-சிஎஃப்எஃப்ஐக்கு மாறிய பிறகு அந்த ஃபோல்டரில் புதுக் கோப்புகள் விழுவது அரிதாகிவிட்டது. விழும்போது, பத்துக்கு எட்டு, நூலகத்தைப் புதுப்பிக்க நாளாகிவிட்டது என்று அர்த்தம்.