கோத்தகிரி காட் ரோட்டுல 14 மாசம் ஓட்டுன எலக்ட்ரிக் கார், என் அனுபவம்

வண்டி வாங்கி 14 மாசம் ஆச்சு, 16,000 கிலோமீட்டர் தாண்டிருச்சு, மழை பனி ரெண்டையும் பாத்தாச்சு, இனிமே எழுதலாம்னு தோணுச்சு. சின்ன கார் தான், 24 யூனிட் பேட்டரி, நாலு பேருக்கு தாராளம். கம்பெனி பேர் போடலைங்க, ஏன்னா ஷோரூம் பத்தி குறை சொல்ல வேண்டியிருக்கு, அதுவுமில்லாம நான் சொல்லப்போற முக்காவாசி விஷயம் மலையில ஓடற எந்த எலக்ட்ரிக் வண்டிக்கும் பொருந்தும். எங்க வீடு கோத்தகிரியில, அப்பாவுக்கு 15 நாளைக்கு ஒருக்கா மேட்டுப்பாளையத்துல டாக்டரப் பாக்கணும், அதனால இந்த வண்டி அதிகமா பாத்தது அந்த ரோட்டத்தான்.

மொதல்ல எல்லாரும் கேக்கற கேள்வி, மலை ஏறுமா? ஏறும், நல்லாவே ஏறும். பழைய பெட்ரோல் வண்டியில கொண்டை ஊசி வளைவுல செகண்ட் போட்டு, ஃபர்ஸ்ட் போட்டு, இன்ஜின் கதறும், முன்னாடி லாரி நின்னா கிளட்ச் வாடை வரும். இதுல கியரே கிடையாது, கால வெச்சா போகுது, வளைவுல நின்னு கெளம்பறதுக்கு ஒரு பயமும் இல்ல. ஆனா ஏறும்போது பேட்டரி சாப்பிடும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சில்லற, அப்ப 33 கிலோமீட்டர்ல ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஆளையும் வண்டியையும் தூக்கணும்ல, அந்த உயரத்துக்கு மட்டுமே அஞ்சு யூனிட் வேணும், ரோடு, காத்து, ஏசி எல்லாம் தனி. எனக்கு சராசரியா மேல வர 40 பர்சன்ட் போகுது.

இறங்கறது தான் விஷயமே. போன வாரம் கோத்தகிரியில 82 பர்சன்ட்ல கெளம்புனோம், வழியில அரவேணு ஊரத் தாண்டறப்ப 81, மாமரம்ங்கற ஊர்ல 82, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல 85, கீழ போய் சேர்ந்தப்ப 87. கால எடுத்தாலே மோட்டார் டைனமோ மாதிரி வேல செஞ்சு பேட்டரிக்கு கரண்ட் அனுப்பும், பிரேக்க தொடவே வேண்டியதில்ல. மலையில வண்டி ஓட்டறவங்களுக்கு தெரியும், பிரேக் சூடாகி காந்தல் வாடை வந்தா வயித்துல என்ன பண்ணும்னு. அந்த பயம் இந்த வண்டியில இல்ல. ஆனா ஒண்ணு, இத ஷோரூம்ல யாருமே சொல்லல: மேல வீட்டுல 100 பர்சன்ட் சார்ஜ் பண்ணிட்டு இறங்காதீங்க. பேட்டரி நிறைஞ்சு இருந்தா திரும்ப வாங்கிக்க இடம் இருக்காது, வண்டி பிடிக்காது, வெறும் பிரேக்க நம்பி இறங்கணும். முத தடவ எனக்கு அப்படி ஆச்சு, அரவேணு இறக்கத்துல கால எடுத்தும் வண்டி வேகம் கொறையல, ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. இப்ப 85க்கு மேல வெக்கறதில்ல. அதே மாதிரி ஜனவரியில ஊட்டி பக்கம் நைட் வெளிய நிறுத்தி காலையில எடுத்தீங்கன்னா, பேட்டரி ஜில்லுன்னு இருக்கும், அப்பவும் கொஞ்ச தூரத்துக்கு சரியா பிடிக்காது, மெதுவா தான் இறங்கணும்.

செலவு சொல்றேன். பழைய வண்டி போயிட்டு வர அஞ்சு லிட்டர் குடிக்கும், லிட்டர் நூறு ரூவாய்க்கு மேல விக்கற காலத்துல அது 500 ரூவாய்க்கு மேல. இது போயிட்டு வர பத்து யூனிட்டுக்கு உள்ள முடிஞ்சிரும். ஆனா வீட்டு மீட்டர்லயே போட்டா ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டற வாய்ப்பு இருக்கு, தாண்டுனா ரேட்டு மாறிடும், அதையும் கணக்கு போட்டு வாங்குங்க.

காசுக்காக மட்டும் நான் இத வாங்கல. அப்பா 1986ல குவைத் போனவரு, அகமதி பக்கம் கான்ட்ராக்ட்ல தண்ணி லாரி ஓட்டுனாரு. 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் உள்ள வந்தப்ப அங்க தான் இருந்தாரு. கையில ஒரு பை, பாக்தாத் வழியா ஜோர்டான் பார்டர், அம்மான்ல கேம்ப், அங்கிருந்து ஏர் இந்தியா ஃபிளைட்ல பம்பாய். அப்படி நம்மாளுங்க ஒண்ணே முக்கா லட்சம் பேர கிட்டத்தட்ட 500 ஃபிளைட்ல கொண்டு வந்தாங்க. ஈரானோட எட்டு வருஷம் சண்ட போட்டு கடன்ல இருந்த ஈராக், நீ அளவுக்கு மேல எண்ணெய் எடுத்து வெலைய எறக்கற, எங்க ருமைலா வயல்ல இருந்தும் உறிஞ்சறன்னு குவைத் மேல பழி போட்டு உள்ள பூந்துச்சு. அதுக்கும் கோத்தகிரிக்கும் என்ன சம்பந்தம்? அப்பா அனுப்பற பணம் நின்னு போச்சு, ஊர்ல எண்ணெய் வெல ஏறுச்சு, நாட்டுல டாலர் தீந்து 1991ல 47 டன் தங்கத்த வெளிநாட்டுல அடகு வெச்சாங்க, எங்கம்மாவும் அதே வருஷம் தாலிக்கொடிய தவிர எல்லாத்தையும் அடகு வெச்சாங்க. அப்பா 92ல திரும்பப் போனப்ப மணல்ல கறுப்பா குட்டை குட்டையா எண்ணெய் தேங்கி நின்னுச்சாம். ஈராக் ராணுவம் பின்வாங்கும்போது கொளுத்திவிட்ட 600க்கு மேல கெணறுங்க, கடைசி நெருப்ப அணைக்க 1991 நவம்பர் ஆச்சு.

இன்னைக்கும் நாம அதே நெலமையில தான் இருக்கோம். நாடு பயன்படுத்தற கச்சா எண்ணெயில நூத்துக்கு 85க்கு மேல வெளிய இருந்து வருது. 2022க்கு முன்னாடி ரஷ்யாகிட்ட இருந்து வந்தது நூத்துல ரெண்டு கூட இருக்காது, உக்ரைன் சண்டைக்கு அப்புறம் மூணுல ஒரு பங்குக்கு போச்சு, அதாவது கடைய மாத்துனோம், பழக்கத்த மாத்தல. சமையல் கேஸ்ல பாதிக்கு மேல எறக்குமதி, அதுல பெரும்பகுதி ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவுல இருக்கற ஹோர்முஸ் ஜலசந்தி வழியா வரணும். அந்த ஜலசந்தி குறுகலான எடத்துல எத்தன அகலம் தெரியுங்களா, 33 கிலோமீட்டர், எங்க வீட்டுல இருந்து மேட்டுப்பாளையம் போற தூரம். அந்த இடுக்குல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா கோத்தகிரி மார்க்கெட்ல கேரட் ஏத்தற பிக்கப் வாடகை ஏறும், இத நான் சின்ன வயசுல இருந்து பாத்துட்டே வர்றேன்.

குவைத் ஜனங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லைங்க, அப்பாவுக்கு சோறு போட்ட ஊரு. ஆனா அப்பா ஒண்ணு சொல்வாரு, அங்க அரசாங்கம் குடிமக்ககிட்ட வருமான வரி வாங்கறதில்ல, பூமியில இருந்து வர்ற காச பிரிச்சு குடுக்குது, அதனால ஏன் எதுக்குன்னு கேக்கற ஜனம் அதுக்கு தேவப்படறதில்ல. அந்த வட்டாரத்துலயே குவைத்ல தான் பார்லிமென்ட்டுக்கு கொஞ்சம் வாய் இருந்துச்சு, அதையும் 2024 மே மாசம் அமீர், அதாவது அந்த நாட்டு மன்னர், கலைச்சுட்டாரு. அடுத்த மாசம் வெயில் தாங்காம அதே நாட்டுல ஏரியா ஏரியாவா கரண்ட் கட் பண்ணாங்க. அந்த நியூஸ பாத்துட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல, அவர் இருந்த காலத்துல ஏசி நின்னு பாத்ததே கிடையாதாம். வெனிசுலாவ எடுத்துக்கங்க, உலகத்துலயே அதிகமா எண்ணெய் இருப்பு அங்க தான்னு கணக்கு, 2020ல பெட்ரோலுக்கு க்யூவுல நின்னாங்க, ஈரான்ல இருந்து கப்பல் வர வேண்டியதாச்சு. நைஜீரியா பல வருஷம் கச்சா எண்ணெய வித்துட்டு பெட்ரோல எறக்குமதி பண்ணுச்சு. எண்ணெய் இருந்தா நாடு நல்லாயிரும்னு சொல்றதுக்கு இல்ல.

நார்வே மட்டும் வேற மாதிரி. எண்ணெய் காச முழுசா எடுத்து செலவழிக்காம தனியா ஒரு நிதியில போட்டு வெச்சு, ஊருக்குள்ள ஓடற காருக்கு அருவித் தண்ணி கரண்ட குடுக்கறாங்க, 2024ல அங்க வித்த 100 புது கார்ல 89 எலக்ட்ரிக். எண்ணெய மத்தவங்களுக்கு விக்கறாங்கங்கறது உண்மைதான். ஆனா அத படிச்சப்ப எனக்கு சட்டுனு தோணுனது எங்க நீலகிரியில இருக்கற பைக்காரா. 1932லயே இந்த மலையில தண்ணியில கரண்ட் எடுத்தாச்சு. அப்புறம் 1960 வாக்குல கனடா உதவியோட குந்தா, எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானின்னு அணை அணையா கட்டுனாங்க. இப்ப குந்தாவுல 500 மெகாவாட்டுக்கு, பகல்ல மிச்சமாகற கரண்ட வெச்சு தண்ணிய மேல ஏத்தி ராத்திரிக்கு எறக்கற திட்டம் கட்டிட்டு இருக்காங்க. யோசிச்சா என் வண்டி பண்றதும் அதே வேலை தான, உயரத்துல இருந்து எறங்கி கரண்ட் எடுக்கறது.

என் சாக்கெட்ல வர்ற கரண்ட் முழுக்க தண்ணியில வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரியில தமிழ்நாட்டு லைன்ல நிலக்கரி தான் பெரும்பாலும். நம்ம ஊர் காத்தாலை ஆடி மாசத்துல நல்லா ஓடும், பகல்ல சோலார் வரும், அதனால முடிஞ்ச அளவு மத்தியானம் சார்ஜ் போடறேன். பேட்டரியும் சைனாவ நம்பித்தான் இருக்கு, கிராஃபைட், லித்தியம் சுத்திகரிப்பு எல்லாம் அவங்க கையில, நாளைக்கு அவங்களும் கதவ சாத்தலாம். ஆனா பேட்டரி ஒரு தடவ வாங்கறது, எட்டு பத்து வருஷம் வீட்டுல நிக்கும், பெட்ரோல் வாராவாரம் வாங்கறது. எவன் எங்க சண்ட போட்டாலும் ஏற்கனவே வாங்குன பேட்டரிக்கு வெல ஏறாது.

இப்ப குறைங்க. ஷோரூம்ல சார்ஜர் ஒரு வாரத்துல மாட்டித் தர்றோம்னாங்க, ஒன்றரை மாசம் ஆச்சு, கேட்டா மலைக்கு ஆள் வரணும்னாங்க. வந்த பையன் எர்த் சரியில்லன்னு போயிட்டான், கடைசியில பக்கத்து தெரு எலக்ட்ரீசியன் அண்ணன் தான் கரித்தூள் உப்பு போட்டு புது எர்த் குழி எடுத்துக் குடுத்தாரு. சர்வீசுக்கு கோயம்புத்தூர் தான் போகணும். மேல பொது சார்ஜர் கொஞ்சம் தான், இருக்கறதுலயும் ஒண்ணு நான் போன மூணு தடவையும் வேல செய்யல. அக்டோபர் நவம்பர் மழையில மரம் விழுந்து ரெண்டு நாள் கரண்ட் இல்ல, அந்த சமயம் 60 பர்சன்ட் இருந்ததால தப்பிச்சோம், மழைக்காலத்துல 50க்கு கீழ விடாதீங்க. தனி வீடும் சொந்த பார்க்கிங்கும் இல்லாதவங்க, லைன் வீட்டுல இருக்கறவங்க, இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம், அவங்களுக்கு எலக்ட்ரிக் பஸ் தான் சரியான வழி, குன்னூர் மேட்டுப்பாளையம் ரூட்டுல அது நெறைய வரணும்னு ரொம்ப ஆசப்படறேன்.

சத்தம் இல்லாததும் ஒரு விஷயம். பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனைகிட்ட ஒரு பெரிய யானையும் குட்டியும் ரோட்டோரம் நின்னுச்சு, வண்டிய தள்ளி நிறுத்திட்டு கண்ணாடிய மூடிட்டு உக்காந்துட்டோம், பழத்த காலால மிதிச்சு பொளக்கற சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுச்சு. இருபது நிமிஷம் கழிச்சு அதுங்க கீழ காட்டுக்குள்ள எறங்குனப்புறம் தான் கெளம்புனோம்.

அப்பா முன் சீட்ல உக்காந்தா இப்ப ரோட்ட பாக்கறதே இல்ல, ஸ்கிரீன்ல பேட்டரிக்கு கரண்ட் திரும்ப வர்றத காட்டற அந்த பச்சைக் கோட்டத்தான் பாத்துட்டு வர்றாரு. டாக்டர் ரூமுக்கு வெளிய காத்திருக்கும்போது பக்கத்துல இருந்த பெரியவர்கிட்ட, "82ல கெளம்புனோம், இங்க வந்தா 87 இருக்கு, பெட்ரோல் டேங்க் எங்கியாச்சும் இப்படி நிறையுமா"ன்னு சொல்லிட்டு இருந்தாரு.