'ஜெர்மன் கனெக்டர்' என்று பில், சீலிங்குக்கு மேலே போலிச் சாமான்

கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கம் அண்மையில் வாட்டர் ஹீட்டர் மாற்றியவர்கள் இதைப் படித்துவிட்டு பாத்ரூம் சீலிங்கை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

எங்கள் கொண்டோவில் ஹீட்டர் மாற்ற வந்த குத்தகையாளர், பழைய வயர் எட்டவில்லை என்று சீலிங்குக்கு மேலே இணைப்புப் போட்டார். லிவரைத் தூக்கி வயரைச் செருகி அமுக்கும் வகைச் சின்னப் பிளாஸ்டிக் கனெக்டர். பில்லில் "வாகோ, ஜெர்மன், ஒன்று 12 வெள்ளி" என்று அவர் கைப்பட எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. வாகோ என்பது இவ்வகைக் கனெக்டர் செய்யும் ஜெர்மன் கம்பெனி; வெள்ளி என்றால் ரிங்கிட். "32 ஆம்ப் தாங்கும் அண்ணே, கவலையே வேணாம்" என்றார்.

சில மாதங்களில், குளிக்கும்போதெல்லாம் கருவாடு கருகியது போல ஒரு வாடை. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வேறொரு வயர்மேனை அழைத்தேன். அவர் பலகையை இறக்கியதும் தெரிந்தது: ஜங்ஷன் பாக்ஸே கிடையாது, கனெக்டர்கள் சும்மா பலகைமேல் கிடந்தன. லைவ் வயர் போன கனெக்டரின் கண்ணாடிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஆரஞ்சு லிவர் உருகிச் சாய்ந்திருந்தது. அவர் தன் பையிலிருந்து ஒரிஜினல் வாகோ ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் மின்சாரம் போக தடித்த செம்புத் தகடு, வயரை அழுத்திப் பிடிக்கத் தனியாக ஒரு ஸ்பிரிங். எங்களுடையதில் இருந்த தகட்டை விரலாலேயே வளைத்துவிட்டேன். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. '32' என்ற எண்ணும் சிஇ குறியும் மட்டும்தான்.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 3.6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது கிட்டத்தட்ட 16 ஆம்ப். 20 ஆம்ப் பிரேக்கருக்கு அது சாதாரண லோடு. கரண்ட் கசியவும் இல்லை, அதனால் கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்சிசிபிக்கும் வேலை இல்லை. பிடிப்பு தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் தடை ஏறினாலே அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள் 25 வாட் சூடு. இதைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச், பிரேக்கர்கள் இருக்கும் நம் டிபி பாக்ஸில் எதுவும் இல்லை.

குத்தகையாளரிடம் கேட்டால், "ஹீட்டர்ல சிரிம் ஸ்டிக்கர் இருக்கே அண்ணே" என்கிறார். சிரிம் என்பது மலேசியத் தரச்சான்று அமைப்பு. அந்த ஸ்டிக்கர் ஹீட்டருக்கு உரியது, இவர் போட்ட இணைப்புக்கு அல்ல! பிறகு, தான் வாங்கிய ஆன்லைன் கடையைக் கைகாட்டினார். அந்தக் கடைக்காரர் சர்டிபிகேட் என்று ஒன்றை அனுப்பினார். அதில் இருந்த மாடல் எண் வேறு. தவிர, அது சிஇ அறிவிப்பு. சிஇ ஐரோப்பியச் சந்தைக்கான குறி. இந்த மாதிரிச் சாமான்களுக்குத் தயாரிப்பாளரே சொந்தப் பொறுப்பில் ஒட்டிக்கொள்ளலாம். விடிஇ, இனெக் போன்ற குறிகள் அப்படியல்ல, வெளி ஆய்வுக்கூடம் சோதித்தால்தான் கிடைக்கும். ஐஇசி 60998 என்ற சர்வதேசத் தரத்தின்படி ஸ்க்ரூ இல்லாத கனெக்டரை 192 முறை சூடேற்றி ஆறவிட்டு, பிடிப்பு தளர்கிறதா என்று பார்ப்பார்கள். தினமும் காலையும் மாலையும் ஹீட்டரைப் போட்டு அணைக்கும் வீட்டில் நடப்பதும் அதேதான். இதையெல்லாம் கேட்டு எழுதியதும் கடைக்காரர் என்னை பிளாக் செய்துவிட்டார். இன்னொரு பெயரில் அதே படத்தோடு அதே சாமான் இப்போதும் விற்பனையில் இருக்கிறது.

லிவர் கனெக்டரே ஆகாது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சரியான சாமான் நல்ல சாமான்தான். இப்போது எங்கள் வீட்டில் இருப்பதும் அதுவே, பாக்ஸுக்குள். ஜாலான் பசார் கடைகளில் கேட்டு வாங்கலாம். கனெக்டரின் உடம்பில் கம்பெனிப் பெயர், மாடல் எண், ஆய்வுக்கூடக் குறி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்கு வருபவரிடம் எரிசக்தி ஆணையச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

குத்தகையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. கருகிய கனெக்டரையும் பில்லையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களிடமும் இப்படி ஏதாவது சிக்கினால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.