அப்படியே தொகுப்பதா, முதலிலிருந்து எழுதுவதா?

நாலு வருஷமாகக் குமரி மாவட்டத்துக் குளங்கள், சானல்கள் என்று இங்கே சொல்லும் பாசனக் கால்வாய்கள், பாலங்கள் பற்றி இணையத்தில் சின்னச் சின்னதாக எழுதி வருகிறேன். நாற்பது கட்டுரை சேர்ந்ததும், புத்தகமாகப் போடலாமே என்று நண்பர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். இருப்பதைத் தொகுத்துப் போடுவது ஒரு வழி. ஒரே பொருளை எடுத்து முதலிலிருந்து எழுதுவது இன்னொன்று.

தொகுப்புக்குப் பெரிய பாடு இல்லை. கட்டுரைக்கு 600 சொல் என்றால் நாற்பதுக்கு 24,000 சொல். டெமி அளவில் நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடும். பிழை திருத்தி, பக்கம் கட்டி, இரண்டு மூன்று மாதத்தில் அச்சுக்கு அனுப்பிவிடலாம். சமையல் எழுதுகிறவர்களுக்கு இதுவே சரியான வழி என்பேன். தீயல் வைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் உளுந்தங்கஞ்சியைப் படித்திருக்க வேண்டியதில்லையே.

என் கட்டுரைகள் அந்த மாதிரி இல்லை என்பது, எல்லாவற்றையும் அச்செடுத்து வரிசையாக வாசித்த அன்றுதான் தெரிந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து வந்த கதையைப் பதினோரு இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவருக்காக எழுதியது அது. தனிக் கட்டுரையில் அது மரியாதை. புத்தகத்தில் மூன்றாவது முறை வரும்போதே வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். 'நேற்றைய மழையில்' என்று தொடங்கும் கட்டுரைகள் வேறு ஏழு. எந்த நேற்று?

இன்னொன்றும் உறுத்தியது. அதிகம் பேர் படித்தது, சானல் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றிய கட்டுரை. அதில் இருந்ததெல்லாம் உயரம் 115 அடி, கட்டியது 1966, கீழே பரளியாறு, மேலே நின்றால் தென்னந்தோப்புகள். அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டுக் கடைமடைப் பக்கத்து விவசாயப் பாட்டா ஒருவர் போனில் கேட்டார்: “மக்களே, தண்ணி பாலத்துல போகுதுன்னு எழுதியிருக்கே. அப்புறம் எங்க போகுதுன்னு எழுதலியே?”

அந்தக் கேள்வியைத் தொகுப்பு தாங்காது. பாலத்தின் மேல் ஓடுவது பட்டணங்கால் சானல். ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டி மறுபக்கத்து மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதால்தான் அந்தத் தொட்டியே வந்தது. மேலே போனால் கோதையாறு, 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை. கீழே வந்தால் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்கள். ஒரு குளம் நிறைந்து மறுகாலில் வழியும் தண்ணீர் அடுத்த குளத்துக்கு வரத்தாகும் கணக்கு. வயல் வாழையான இடத்தில் மடைக்கு என்ன ஆனது என்ற விசாரணை. இதில் பாதியை நான் எழுதவே இல்லை. மீதிப் பாதி, ஒன்றையொன்று அறியாத ஐந்தாறு கட்டுரைகளில் சிதறிக் கிடக்கிறது.

நடுவழி ஒன்று உண்டு: பழைய கட்டுரைக்குக் கீழே பின்குறிப்பு சேர்ப்பது. இரண்டு கட்டுரைக்குச் செய்து பார்த்தேன், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

முதலிலிருந்து எழுதுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. இரண்டு வருஷமாவது ஆகும். தகவல் சேரச் சேர நடை ஆய்வேடு போல இறுகிவிடும்; எதற்காக இத்தனை பேர் விரும்பி வாசித்தார்களோ அந்தப் பேச்சுச் சுகம் போய்விடும். அதனால் பழைய கட்டுரைகளை நான் தூக்கிப் போடவில்லை. மடைப் பலகையைத் தூக்கும்போது வரும் சத்தம், சானலில் துணி துவைக்கும் பெண்களின் பேச்சு என்று கண்ணால் பார்த்து எழுதிய பத்திகளை மட்டும் வெட்டித் தனி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாற்பதில் தேறியவை பதினான்கு பத்தி.

அத்தியாய வரிசையும் மாறிவிட்டது. அணையில் தொடங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது முதல் அத்தியாயம் கடைமடையில், தண்ணீர் வருமா என்று பாட்டா கரையில் நின்று பார்க்கும் காலையில் தொடங்குகிறது.