புல்ஸ்நிட்ஸ்: சீகன்பால்கு பிறந்த ஊருக்கு ஒரு ரயில் பயணம்

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கு வடகிழக்கே உள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். அந்த மண்ணைக் காணும் ஆவலில் சென்ற நான், ஊருக்குப் போகும் வழியையும் ஊர் தரும் அனுபவத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

டிரெஸ்டன் மத்திய நிலையத்தில் காமென்ஸ் செல்லும் எஸ் 8 ரயிலில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடங்களில் புல்ஸ்நிட்ஸில் இறங்கிவிடலாம். 1871-இல் திறக்கப்பட்டு இன்றுவரை மின்மயமாகாத இந்தப் பாதையில் ஓடுவது டீசல் வண்டிதான். மாநகரின் சந்தடி அடங்கி, ராடேபெர்க்கைத் தாண்டியதும் வயல்களும் தோப்புகளும் சன்னலை நிறைப்பதைப் பார்த்துக்கொண்டே போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாதச் சந்தாவான டாய்ச்லான்ட் டிக்கெட் வைத்திருப்பவர்கள் தனியாகச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வழக்கமாக மணிக்கு ஒரு வண்டிதான் என்பதால், திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்வது நல்லது. காரில் வருவோருக்கு ஏ4 நெடுஞ்சாலையில் இவ்வூரின் பெயரிலேயே ஓர் இறங்குவழி உண்டு.

நிலையத்திலிருந்து நடந்தே சந்தைச் சதுக்கத்துக்குப் போய்விடலாம். வைமார் நகரில் ஜெர்மன் கவிஞர்களான கோத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலையை வடித்த எர்ன்ஸ்ட் ரீட்ஷல் 1804-இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஏழாயிரத்துச் சொச்சம் மக்களே வாழும் ஓர் ஊருக்கு இது பெரிய பேறு.

ஆனால் ஊரின் உயிர் ஃபெஃபர்கூஹன் என்னும் மசாலா ரொட்டியில் இருக்கிறது. பெயரில் மிளகு இருந்தாலும், கடல் கடந்து வந்த வாசனைப் பொருள்கள் அனைத்தையும் அக்காலத்தில் மிளகு என்றே அழைத்ததால் வந்த பெயர் அது. மூக்கில் ஏறுவது பட்டையும் கிராம்பும் ஏலமும்தான். 1558-இல் இங்குள்ள ரொட்டிக்காரர்களுக்கு இதைச் சுடும் உரிமை கிடைத்தது. இன்றும் குடும்பத் தொழிற்கூடங்கள் அதைத் தொடர்கின்றன. தேன் அல்லது பாகில் மாவைப் பிசைந்து, கொழுப்புச் சேர்க்காமல், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஊற வைத்த பிறகே மசாலா கலந்து சுடுகிறார்கள். நான் வாங்கிய 'ஷ்பிட்ஸன்' என்ற சிறு துண்டைக் கடித்தபோது மேலிருந்த சாக்லேட் ஓடு மெல்ல நொறுங்கி, உள்ளிருந்த பழப்பாகு நாவில் படர, மசாலாவின் காரம் கடைசியில் வந்து நின்றது. சதுக்கத்தருகே உள்ள ஃபெஃபர்கூஹன் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு வாங்கினால், ஒவ்வொரு துண்டின் உழைப்பும் தெரியும்.

குறை ஒன்று உண்டு. சனிக்கிழமை பிற்பகலில் நான் தேடிப் போன ஒரு கடை அடைத்துக் கிடந்தது. வெகுதூரம் பயணம் செய்து வருபவரைக் கருதி, கடை திறந்திருக்கும் நேரத்தை நிலையத்திலேயே எழுதி வைத்தால் உதவியாக இருக்கும். ஆகவே காலையிலேயே போய்ச் சேருங்கள். முடிந்தால் நவம்பர் முதல் வார இறுதியில் செல்லுங்கள். அப்போதுதான் இங்கே ஃபெஃபர்கூஹன் சந்தை கூடுகிறது.