பழைய லேப்டாப் ஆன் ஆகவில்லையா? கடையில் கொடுக்கும் முன் படியுங்கள், 6,500 ரூபாய் போச்சு

மதர்போர்டில் ஐசி (சின்ன சிப்) மாற்றினோம் என்று சொல்லி என்னிடம் 6,500 ரூபாய் வாங்கினார்கள். எந்த ஐசியையும் யாரும் தொடவே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வயிறு எரிகிறது. ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் பவர் டேபிள் யூனிட்கள் என்கிற சின்னச் சின்னத் தையல் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். எல்லாம் 2016-இல் வாங்கிய ஒரே லேப்டாப்பில்தான். திடீரென்று ஒருநாள் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு வைத்த ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அந்த ஆள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "புதுசு வாங்கி எதுக்குங்கக்கா காசைக் கரியாக்கறீங்க? இந்த பாடி இப்ப வர்றதுல கிடைக்காது. இதையே ஓட வெச்சுத் தர்றனுங்க." விற்கப் பார்க்கிறவன் இப்படிப் பேசமாட்டான் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பின்மூடியைக் கழற்றி, லென்ஸ் விளக்கை இழுத்து, இடுக்கி முனையால் ஒரு கறுப்புப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஐசி ஷார்ட்டுங்கக்கா. 6,500 ஆகும். டேட்டா ஒண்ணும் போகாது." டேட்டா பத்திரம் என்றதும் எனக்கு உயிரே வந்தது. யுபிஐயில் முழுப் பணமும் அனுப்பினேன். பில் என்று கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

திரும்பி வந்த லேப்டாப் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதுவும் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரைத் திறந்தாலே திணறியது. பிறகு மறுபடி அதே கறுப்புத் திரை.

போன் செய்தால் "டெக்னீஷியன் வெளியே போயிருக்காருங்க." நேரில் போனால் "நாளைக்கு வாங்கக்கா." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில், "பழைய லேப்டாப்புன்னா அப்படித்தாங்க, சிப் வேலைக்கு வாரண்டி எல்லாம் கிடையாது." அன்றைக்கு அக்கா அக்கா என்று குழைந்த அதே வாய், முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்கிறது. 6,500 ரூபாய் எனக்கு இரண்டு யூனிட்டின் மாதச் சம்பளம்.

இன்று வேறொரு மெக்கானிக் என் கண்ணெதிரே பிரித்தார். ரேம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினார். திரை வந்துவிட்டது! ஐசி மாற்றியிருந்தால் சுற்றிலும் ஃப்ளக்ஸ் (சால்டரிங்குக்குத் தடவும் பசை) கறையாவது இருக்குமாம். அந்த இடத்தில் பழைய தூசிகூடக் கலையவில்லை. அதைவிடக் கொடுமை, பக்கத்து ஸ்லாட் காலி. வாங்கிய பில்லில் 4 ஜிபி ரேம் இரண்டு என்று இருக்கிறது. ஒன்றைக் கழற்றிக்கொண்டார்கள். இது திருட்டு இல்லாமல் வேறென்ன?

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள், அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்து பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதன் கேபிளிலோதான், மதர்போர்டு என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். கடையில் விடும் முன் ரேம், ஹார்டு டிஸ்க் இரண்டையும் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் தராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். யுபிஐ ரசீதும் துண்டுச் சீட்டும் கையில் இருக்கின்றன. 6,500 ரூபாயும் என் ரேமும் திரும்பி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.